தார்க்குளத்தில் ஒரு போடு

தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. சந்தையில் பானையைக் காதோரம் வைத்துச் சுண்டிப் பார்க்கிறவர், தர்பூசணியை விரல் முட்டியால் தட்டி அதன் வயிற்றுக்குள் என்ன சமாசாரம் என்று விசாரிக்கிறவர், தேங்காயை ஆட்டிப் பார்த்துவிட்டு வேறொன்றைக் கேட்கிறவர், இவர்களெல்லாம் உங்களையும் என்னையும் போல ஏமாறப் பயந்த சாதாரண மனிதர்கள். நான் இங்கே அறிமுகப்படுத்த வந்த இனம் வேறு. இவர்கள் வாங்கிய பிறகு தட்டுகிறவர்கள். பொருள் கெட்டியாக இருக்கிறதா என்கிற சந்தேகம் இவர்களுக்குக் கிடையாது. கெட்டியாக இருக்கிறது என்பதை உங்களுக்குக் காட்டாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

தட்டிக் காட்டுபவர் என்று இந்த இனத்துக்கு நானே ஒரு பெயர் சூட்டியிருக்கிறேன். நான் எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தின் போஸ்ட்மாஸ்டர். ஊர் பிள்ளைப்பாக்கத்துக்குத் தெற்கே, பஸ் போகாத திசையில் இருக்கிறது. தபால் பையைக் கட்டி அனுப்பிவிட்டால் பொழுது சாய்கிறவரை எனக்கு மனிதர்களைக் கவனிப்பதைத் தவிர வேறு வேலையில்லை. பெயர் சூட்டும் உரிமையை அந்த அனுபவத்தில்தான் எடுத்துக்கொண்டேன்.

இவர்களை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? ரொம்பச் சுலபம். ஒருவர் வீட்டுக்குப் போகிறீர்கள். புதிதாக ஒரு மடக்கு நாற்காலி வந்திருக்கிறது. சாதாரண மனிதர் என்றால் "உட்காருங்க" என்பார். தட்டிக் காட்டுபவரோ முதலில் அதன் மேல் தானே ஏறி நின்று, இரண்டு குதி குதித்து, இறங்கி, அதைச் சுவரில் ஒரு முறை மோதிவிட்டு, பிறகுதான் உங்களை உட்காரச் சொல்வார். நீங்களும் உட்காருவீர்கள், ஆனால் நிம்மதியாக இல்லை.

எங்கள் ஊரில் இந்த இனத்தின் தலைமகன் தாண்டவராயன். பஞ்சாயத்து மெம்பர். நல்ல மனிதர், அதைச் சொல்லிவிட வேண்டும். யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் வந்து நிற்பவர், கைமாற்று கேட்டால் முகம் சுளிக்காதவர், பிறர் குழந்தையைக்கூடத் தூக்கிக் கொஞ்சுகிறவர். கொஞ்சிவிட்டு, பயப்படாத குழந்தை என்று தாய்க்குக் காட்டுவதற்காக மேலே தூக்கிப்போட்டுப் பிடிப்பார், அதுதான் சங்கடம். அவருடைய வாழ்க்கைத் தத்துவம் முழுவதும் ஒரே ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. தாங்கும்.

பிளாஸ்டிக் வாளி எங்கள் ஊருக்குப் புதிதாக வந்த நாளில், அதைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் ஒற்றைக் காலில் நின்றவர் அவர். தண்ணீர் புகாத கைக்கடிகாரம் என்று மச்சினன் வாங்கிக் கொடுத்ததை டீக்கடையில் எல்லோர் முன்னாலும் டம்ளர் தண்ணீருக்குள் போட்டவர் அவர். ஒரு மாதம் வரையில் அது தாங்கியது. அதற்குப் பிறகு மணி கேட்டால் வானத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். கீழே விழுந்தாலும் உடையாத தட்டு என்று ஒரு செட் வாங்கிவந்து, வருகிற விருந்தாளிக்கெல்லாம் சோறு போடுவதற்கு முன் அதைக் கீழே போட்டுக் காட்டுவார். அவர் மனைவி சுந்தராம்பாள் சமையலறையில் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பாள். கடைசியில் மிஞ்சிய தட்டை அவள் நெல் குதிருக்குள் ஒளித்துவைத்துத்தான் காப்பாற்றினாள். யாராவது புது வீடு கட்டினால், கிரகப்பிரவேசத்துக்கு வந்து சந்தனம் பூசிக்கொண்டு, நேராகச் சுவரருகே போய் உள்ளங்காலால் ஓங்கி ஓர் உதை. "தாங்கும்!" சுவர் தாங்கிக்கொள்ளும். வீட்டுக்காரர்தான் அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிட மாட்டார்.

இத்தோடு போயிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். எங்கள் ஊருக்குத் தார்க்குளம் வந்தது.

எங்கள் மண் மணல். மழை பெய்தால் மண்ணுக்குள் போய்விடும், குளம் வெட்டினாலும் தைக்குள் காய்ந்துவிடும். எழுபதுகளின் நடுவில் சர்க்காருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஏரிக் கலங்கலில் வழிந்து வீணாகிற தண்ணீரைத் தேக்கிவைக்க ஒரு குளம் வெட்டி, அதன் அடியிலும் சரிவுகளிலும் தார் ரோடு போடுவது போலவே ஜல்லியும் மணலும் தாரும் கலந்து சூடாகக் கொட்டி உருட்டிவிட்டால், ஒரு சொட்டுக்கூடக் கீழே இறங்காதாம். சோதனைக்காக எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். கோடையில் வேலை நடந்தது. ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. புல்லே முளைக்காமல் இருக்க மண்ணில் மருந்து தெளித்தார்கள், புகையும் கலவையைக் கொட்டினார்கள், ரோலரைக் கயிறு கட்டிச் சரிவில் இறக்கி ஏற்றினார்கள். முடிந்தபோது பளபளவென்று கறுப்பாக ஒரு பெரிய சட்டியைப் புதைத்துவைத்தது போல இருந்தது. ஜல்லி ஏற்ற இரண்டு மாட்டு வண்டி கொடுத்தவர் தாண்டவராயன். ஆகவே அது அவருடைய குளம்.

வேலையைப் பார்த்துக்கொண்டவர் ரகுபதி என்கிற இளம் எஞ்சினியர். ஜீப்பில் ஏறுவதற்கு முன் ஊராரைக் கூட்டி நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். தண்ணீருக்கு அடியில் இருக்கிற தாருக்குச் சாவே கிடையாது. வெயிலும் காற்றும்தான் அதை வறட்டி வெடிக்கவைக்கும், கோரைக் கிழங்கு கீழேயிருந்து குத்திக்கொண்டு வரும், மாட்டுக் குளம்பு பள்ளம் பண்ணும். ஆடு மாடு இறக்காதீர்கள், நெல்லும் மிளகாயும் காயவைக்காதீர்கள், சும்மா விட்டுவையுங்கள், உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை இருக்கும் என்றார்.

தாண்டவராயன் கையைத் தூக்கினார். "சார், கடப்பாறையால குத்துனா?"

"ஏன் குத்தணும்?" என்றார் ரகுபதி.

"இல்ல சார், ஒரு பேச்சுக்கு. குத்துனா தாங்குமா?"

"ஒரு குத்து தாங்கும். ஆனா எதுக்குங்க குத்தணும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேவைப்படுகிறவர்கள் இந்த இனத்தில் பிறப்பதில்லை. அந்தப் பேச்சு முழுவதிலும் "தாங்கும்" என்கிற சொல் மட்டும்தான் மெம்பரின் காதில் விழுந்தது. விழுந்ததோடு அங்கேயே குடியேறிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குளத்துக்கு அவரைவிடக் கண்டிப்பான காவல்காரர் கிடைத்திருக்க முடியாது. வைகாசியிலிருந்து மழை பிடிக்கிறவரை குளம் காலியாகக் கிடந்த அத்தனை மாதமும், கரையில் ஆட்டின் நிழல் விழுந்தாலே கூச்சல் போட்டுக்கொண்டு ஓடுவார். மிளகாய் காயவைக்கப் பாயோடு வந்த பெண்களைத் திருப்பி அனுப்பினார். "இன்னாமா இது, கொளமா, உங்க வூட்டு மொட்ட மாடியா?" மாட்டுக்கு இடமில்லை, மிளகாய்க்கு இடமில்லை, செருப்புக் காலுக்கு இடமில்லை. கடப்பாறைக்கு மட்டும் இடம் உண்டு.

விருந்தாளி வந்தால் சோறு, சோறு முடிந்ததும் வெற்றிலை, வெற்றிலை முடிந்ததும் குளம். இதுதான் முறை. சம்பந்தி வீட்டார், யூனியன் ஆபீஸ் குமாஸ்தாக்கள், வல்லத்திலிருந்து மாடு பிடிக்க வந்தவர்கள், வழி கேட்க வந்து மாட்டிக்கொண்டவர்கள், யாரும் தப்பியதில்லை. மேற்குக் கரையில் வண்டிப்பாதை வந்து முடிகிற இடத்தில்தான் எப்போதும் இறங்குவார், ஏனென்றால் வயிறு நிறைந்த மனிதர்களை அதற்கு மேல் நடக்கவைக்க முடியாது. பாதிச் சரிவில் நின்று, கடப்பாறையைத் தலைக்கு மேல் தூக்கி, பிடி தளராமல் ஒரு போடு. தொம்!

"பாத்தீங்களா? ஒண்ணும் ஆவல. இன்னா தாங்கு தாங்குது பாருங்க. நீங்களும் ஒரு போடு போடுங்க."

"ஐயோ, வேணாங்க, நம்பறேன்."

"நம்பறதுக்கு இன்னா கீது? போட்டுப் பாத்துட்டு நம்புங்க."

விருந்தாளி கூச்சப்படுவார், நெளிவார், பிறகு போடுவார். ஒருவர்கூடக் கடைசிவரை மறுத்து நான் பார்த்ததில்லை. யாருக்கும் கெடுதல் இல்லாமல், யாரும் கோபிக்காமல், கெட்டியான ஒரு பொருளை ஓங்கி அடிக்க மனிதனுக்குச் சந்தர்ப்பம் அடிக்கடி கிடைப்பதில்லை அல்லவா? ரேஷன் கடை சூசைராஜ் மட்டும் கடப்பாறை எடுத்துப் பழக்கமில்லை என்று தன் குடைக்காம்பால் மரியாதையாக ஒரு குத்துக் குத்தினார். குடை வளைந்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு வாரம் மெம்பருக்குக் கால் தரையில் பாவவில்லை.

கோடை வெயிலில் தார் இளகியிருக்கும். அடி விழுந்த இடத்தில் முதலில் ஒரு குழி விழுந்தது, பிறகு குழியைச் சுற்றி மெல்லிய கோடுகள். நானே ஒரு தரம் அதைக் காட்டி, "என்ன மெம்பரே, விரிசல் மாதிரி இருக்கே?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சாரே, நீங்க ஸ்டாம்பு மேல குத்துறவரு, உங்களுக்குத் தெரியாது. அடி வாங்கி வாங்கி அந்த எடம் எறுகிக்கினு கீது. கொளத்துலயே ஸ்ட்ராங்கான எடம் இப்ப அதுதான்."

ஐப்பசியில் மழை பிடித்தது. கலங்கல் வழிந்தது, குளம் நிறைந்தது. மணல் பூமியில் கரை முட்டத் தண்ணீர் நிற்பதைப் பார்த்து ஊரில் பாதிப் பேருக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான். தாண்டவராயன் கரையில் நின்று ஒரே ஒரு விஷயத்துக்காக வருத்தப்பட்டார். தட்டிக் காட்டுகிற இடம் தண்ணீருக்குள் போய்விட்டது.

இந்த இடத்தில் செல்லம்மாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் புருஷன் கன்னியப்பன் லாரியில் கிளீனர். வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டுப் போகிறவன். நிலம் என்று அவர்களுக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை. குளம் நிறைந்ததைப் பார்த்த மறுநாளே அவள் மடைக்கு எதிரேயிருந்த ஓர் ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, நவரை நாற்று விட்டாள். ஒரு போகம் அறுத்தால் அப்புறம் மண் தூங்குகிற ஊரில், அதே வருஷம் இரண்டாம் போகம் நட்ட முதல் ஆள் அவள்தான். மாசி கடைசிவரை தண்ணீர் இருந்தால் நெல் அவளுடையது. குத்தகை போக மிச்சத்தில் அந்த வருஷம் அவள் வீட்டில் கடைக்குப் போய் அரிசி வாங்க வேண்டாம். வேறு ஆசை அவளுக்கு இல்லை.

மழை இருந்தவரை எதுவும் தெரியவில்லை, போனதை வந்தது ஈடுகட்டிக்கொண்டிருந்தது. மார்கழி பாதியில் கலங்கல் நின்றது. தை பிறந்தபோது கரையில் ஈரக் கோடு ஒரு முழம் கீழே இறங்கியிருந்தது. வெயில் குடித்துவிட்டது என்றார் மெம்பர். அடுத்த வாரம் இன்னொரு முழம். யாரோ திருட்டுத்தனமாக மடையைத் திறக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, மடைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தண்ணீர் அதற்குப் பிறகும் இறங்கியது. எஞ்சினியர் தாரில் கலப்படம் பண்ணிவிட்டான் என்றார். நண்டு துளைத்துவிட்டது என்றார். எருமை மேய்க்கிற கங்கம்மாள் தினமும் கரையில் உட்கார்ந்து தண்ணீரையே முறைத்துப் பார்க்கிறாள், அவள் கண் சரியில்லை என்றுகூடச் சொன்னார். குளத்தில் யாரோ அடித்திருக்கலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

உண்மையை முதலில் கண்டுபிடித்தது ஓர் எருமை. கங்கம்மாளின் எருமைதான், ஒரு நாள் மத்தியானம் காணாமல் போயிற்று. தேடிப்போனால் மேற்குக் கரைக்கு வெளியே, ஒரு நாளும் ஈரம் கண்டிராத மணல் மேட்டில், கழுத்துவரை சேற்றில் பரம சுகமாகப் படுத்துக்கொண்டிருக்கிறது. கரைக்கு வெளியே சேறு எங்கிருந்து வந்தது? ஊர் திரண்டு கரைமேல் ஏறியது.

அதற்குள் தண்ணீர் இறங்குவதை நிறுத்தியிருந்தது. மேற்குச் சரிவின் பாதியில், அந்தக் குழியின் விளிம்பை நாய் நக்குவது போல நக்கிக்கொண்டு, அதற்கு மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல், அங்கேயே நின்றது. குழியைச் சுற்றியிருந்த கோடுகள் விரிந்து ஒரு கை நுழைகிற பொத்தலாகியிருந்தன. குளத்தில் வேறெங்கும், அடியிலோ மற்ற மூன்று சரிவுகளிலோ, ஒரு கீறல் இல்லை. எஞ்சினியர் தேவைப்படவில்லை, பஞ்சாயத்தும் தேவைப்படவில்லை. எங்கே நின்று அடித்தோமோ அங்கே வந்து தண்ணீர் நின்றிருந்தது.

வேறொருவராக இருந்தால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். தாண்டவராயன் யார்? கடப்பாறையைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினார். முழங்காலளவு தண்ணீரில் நின்றார்.

"அந்த ஒரு எடம்தான்பா வீக்கு. மத்ததெல்லாம் கல்லு மாதிரி கீது. தோ, இங்க பாருங்க, தண்ணிக்கு அடியிலயே போட்டுக் காட்டறேன்." கடப்பாறை தலைக்கு மேல் போயிற்று.

செல்லம்மாள் எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. அடுத்த கணம் கடப்பாறையின் மறுமுனை அவள் கையில் இருந்தது.

"வுடு மெம்பரே."

"இன்னாமா நீ, பொம்பள வந்து கடப்பாறைய இஸ்துக்கினு? கெட்டியாத்தான் கீது, காட்டறேன் பாரு."

"ஆருக்குக் காட்டற? நான் கேட்டனா? என் பயிரு பால் புடிக்கிற நேரம். மேல கீற தண்ணியத்தான் மண்ணுக்கு ஊத்திட்ட. கீழ கீறதுதான் எனுக்கு மிச்சம். நீ ஒரு போடு போட்டன்னா அதுவும் எருமைக்குத்தான்."

"தாங்கும்மா. நான் சொல்றேன் இல்ல? தாங்கும்."

"அது தாங்கும். என்னால முடியாது மெம்பரே. வுடு சொல்றேன்!"

அவள் குரல் உடைந்துவிட்டது. கரையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அவர் விட்டுவிட்டார். கெட்ட மனிதர் இல்லை என்று நான் முன்பே சொன்னேன். கடப்பாறையை அவள் தோளில் போட்டுக்கொண்டு போனதுதான், திருப்பிக் கொடுக்கவேயில்லை.

மிச்சத் தண்ணீரை அவள் மடை திறந்து சிக்கனமாகப் பாய்ச்சினாள். மடைக்குப் பக்கத்தில் இருந்த பாதி விளைந்தது. மேட்டுப்பாதி பால் பிடிக்காமலே காய்ந்து வைக்கோலாக நின்றது. அறுவடை நாளில் அவள் அந்தப் பாதிக்குள் அரிவாளோடு போய், ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினாள். எல்லாம் பறந்துவிட்டது. சும்மா விட்டிருந்தால் பேரப்பிள்ளைகள் காலம்வரை நின்றிருக்கக்கூடிய குளம், அது நிற்கும் என்று நிரூபித்ததிலேயே ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. குத்தகை நெல்லை அளந்து கொடுத்தபின் அவளுக்கு மிஞ்சியது ஒரு மூட்டை. அது பொங்கிச் சாப்பிட எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மெம்பரோ பங்குனி முடிவதற்குள் தேறிவிட்டார். டீக்கடையில் அவர் இப்போது புதுக் கதை ஒன்று சொல்லத் தொடங்கியிருந்தார். "நானு மட்டும் தட்டிப் பாக்காம வுட்டிருந்தா, அந்த எடம் வீக்குன்னு எவனுக்குத் தெரியும்? இன்னும் பத்து வருஷம் கழிச்சி ஒடஞ்சிருந்தா ஊரே அம்பேல்! முன்னாடியே கண்டுபுடிச்சாச்சி!" கேட்டவர்களில் இரண்டு மூன்று பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இந்த இனத்தை வெல்லவே முடியாது. பொருள் தாங்கினால் அவர் சொன்னது சரி. உடைந்தால் அவர் கண்டுபிடித்தது.

ஆனி மாதம் ரகுபதி ஆட்களோடு வந்தார். பொத்தலைச் சுற்றிச் சதுரமாக வெட்டியெடுத்து, அடிமண்ணை இறுக்கி, சூடான கலவையைக் கொட்டி, கை ரோலரால் உருட்டி, ஓரங்களில் தாரைக் காய்ச்சி ஊற்றினார். மேலே ஒரு பூச்சும் பூசினார். பழைய கறுப்புக்கு நடுவில் புதுக் கறுப்பாக ஒரு சதுரம். இந்தத் தடவை அவர் நீளமாக எதுவும் சொல்லவில்லை. "சும்மா விட்டுவையுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார், ஜீப்பில் ஏறினார், போய்விட்டார். செல்லம்மாள் மறுபடியும் அதே ஏக்கரைத்தான் பிடித்திருந்தாள். போன வருஷம் விட்ட பாதியை இந்த வருஷம் எடுத்துவிடுவது என்று தீர்மானமாக இருந்தாள்.

அன்றைக்குத் தாண்டவராயன் ஊரிலேயே இல்லை. மகளுக்கு வளைகாப்பு என்று வல்லத்துக்குப் போயிருந்தார். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

ஜீப்பின் தூசி அடங்கியது. நாங்கள் ஏழெட்டுப் பேர் மேற்குக் கரையில் நின்று அந்தப் புதுச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். விவரம் தெரிந்தவர்கள், நடந்ததையெல்லாம் கண்ணால் பார்த்தவர்கள், மெம்பரை வாய்விட்டுத் திட்டியவர்கள். காற்றுக்கூட அசையவில்லை. ஒருவர் இருமினார். இன்னொருவர் குனிந்து காலடியில் கிடந்த கருங்கல்லை எடுத்துக் கையில் எடை பார்த்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்காங்க" என்றது ஒரு குரல். "புடிச்சிக்கிச்சான்னுதான் தெரியல. ஒரே ஒரு தட்டு. லேசா."

சொன்னது யார் என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்று யாருமே சொல்லவில்லை என்பதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். அதோடு உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். இத்தனையும் வாசித்து, தாண்டவராயனைப் பார்த்துச் சிரித்து, செல்லம்மாளுக்காக உச்சுக்கொட்டிய நீங்கள், அந்த ஒட்டு பிடித்ததா இல்லையா என்று இப்போது ஒரு விநாடி யோசித்தீர்களா இல்லையா?

அப்படியானால் கல்லைக் கீழே போட்டுவிட்டு மெதுவாகக் கரையை விட்டு இறங்குங்கள். செல்லம்மாள் வந்துகொண்டிருக்கிறாள்.